பொன்னூர் மலையின் அருந்தவர்

காட்டுத்தீயில் கரிந்த வனத்தின் நடுவே சில மரங்கள் மட்டும் பசுமை மாறாது நின்றன. ஆநிரை மேய்க்கும் மதிவரன் வியந்து அருகே சென்றான். முனிவர் ஒருவர் வாழ்ந்த இடம் அது. ஆங்கே ஆகமங்கள் அடங்கிய பேழை இருந்தது. அதனை எடுத்து வந்து வழிபட்டு, பின்னர் ஒரு முனிவருக்குத் தானமாக ஈந்தான். அப்புண்ணியத்தால், தன்னைப் பேணிய வணிகர் கரமுண்டருக்கே மறுபிறப்பில் மகனானான் என்பது கதை. அம்மகனே ஆசாரிய குந்தகுந்தர்.

அவர் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பார் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்; பிற்காலத்தவர் எனக் கொள்வாரும் உளர். பத்மநந்தி, ஏலாசாரியர் என்பனவும் அவர்தம் திருப்பெயர்களே. கிருத்தரபிஞ்சர் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. சீமந்தர சுவாமியைத் தரிசிக்க விதேகத்திற்கு வான்வழியே செல்கையில் மயிற்பீலி நழுவி வீழ்ந்ததாம். கழுகின் இறகை ஏந்தித் தொடர்ந்தாராம். வான்வழிச் செலவை ஐயுறுவோர் ஐயுறுக. சிற்றுயிரை மெல்ல விலக்கும் பீலி கையிலின்றி அப்பெருமகனாரை நினைத்துப் பார்க்கவும் மரபு உடன்படவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சமயசாரம், பிரவசனசாரம், நியமசாரம் முதலியவற்றைப் பிராகிருதத்தில் அருளினார். நயினார் 1920-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட பஞ்சாஸ்திகாயம், உயிர்களை அறிவின் வழியே வகுக்கிறது. தொல்காப்பியர் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்றார். குந்தகுந்தரோ மண், நீர், தீ, காற்று ஆகியவற்றையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உள என்றார். அசைவும் அறிவும் வெளிப்படாதவற்றை உயிரென எங்ஙனம் ஏற்பது? முட்டையில் வளரும் குஞ்சையும், கருவிலுள்ள குழவியையும், மயங்கிக் கிடக்கும் மனிதனையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். அவற்றை உயிரற்றவை என யாரும் கூறார் அல்லரோ!

பிரவசனசாரத்தில் இன்னும் கடுமையாகிறார். உயிர் இறப்பினும் பிழைப்பினும், விழிப்பின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உறுதி என்கிறார். நம் முன்னோர் கிணற்று நீரைத் துணியில் வடிகட்டி, அத்துணியை அக்கிணற்று நீரிலேயே அலசிவிட்டது இவ்விழிப்பினாலன்றோ? அம்பத்தூரிலும் ஆவடியிலும் குடியேறிக் குழாய்நீர் கண்டபின் நாம் துணியை மறந்தோம், நீரையும் மறந்தோம். ஆதிநாதர் கோயில் கொண்டருளும் புழலில் ஏரி வறண்டு, 2019-இல் சோலையார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் நீர் வந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

அவர் தவமியற்றிய இடமாக நாம் போற்றுவது வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலை. ஆங்கே பாறையில் செதுக்கிய அவர்தம் திருவடிகளை இன்றும் வணங்குகிறோம்.