ஆண்ட்ரூ மெல்லன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பிட்ஸ்பர்க் நகரத்தில் 1855-ஆம் ஆண்டிற் பிறந்த ஆண்ட்ரூ மெல்லன், வங்கித் தொழிலாற் பெருஞ்செல்வராகி, 1921 முதல் 1932 வரை அந்நாட்டு நிதி மந்திரியாய் விளங்கினார்.

சமயம், கல்வி, தருமம் முதலியவற்றிற்கு அளிக்கும் பொருளுக்கு, வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு வரையில் வரி விலக்கு நல்கும் சட்டம் அங்கே 1917-இல் ஏற்பட்டது. மெல்லன் 1930-இல் ஒரு தருமநிதியை நிறுவினார். ருஷிய சர்க்கார் ஹெர்மிடேஜ் சித்திரசாலையிலிருந்து விற்ற 21 ஓவியங்களை வாங்கியிருந்த அவர், அவற்றுட் சிலவற்றை அந்நிதிக்கு உரிமையாக்கி வரி விலக்குக் கோரினார். ஓவியங்கள் அவர் கைவசத்தை விட்டு நீங்கவில்லையென்றும், ஆதலால் அது கொடையன்று, வரி ஏய்ப்பேயென்றும் சர்க்கார் வழக்காடிற்று.

வழக்கு முடியுமுன்னரே, 1936 டிசம்பரில், தம் ஓவியங்களையும் சித்திரசாலை எழுப்புதற்கான பொருளையும் தேசத்திற்கு அளிக்க முன்வந்தார். அதற்குத் தம் பெயர் சூட்டலாகாதென்று வேண்டினார். ஏனைய செல்வரும் மனமுவந்து ஈவதற்கு அதுவே வழியாயிற்று. 1937 ஆகஸ்டில் அவர் காலஞ்சென்றார். அவர் வஞ்சனை செய்திலர் என்றும், தருமநிதி மெய்யானதே என்றும் அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பாயிற்று. வாஷிங்டன் தேசிய சித்திரசாலை 1941 மார்ச்சில் திறக்கப்பட்டது.

வரி விலக்கென்பது பொதுஜனங்கள் விட்டுக்கொடுக்கும் பொருளே என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே அக்கொடையின் பயன் அவர்களையே வந்தடைதல் வேண்டும். அச்சித்திரசாலையுள் ஏழையும் செல்வரும் இன்றும் கட்டணமின்றிப் புகுகின்றனர். மெல்லனது கொடையை அளத்தற்கு இதனினும் நேரிய கோல் வேறில்லை என்பது நம் துணிபு.