ஜாம் மாஸ்டர் ஜே: இசைத்தட்டையே இசைக்கருவியாக்கிய கலைஞர்

நியூயார்க்: 'ஜாம் மாஸ்டர் ஜே' என்று உலகம் அறிந்த ஜேசன் மிசெல், 1965ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி புரூக்ளினில் பிறந்து, குயின்ஸ் பகுதியின் ஹோலிஸில் வளர்ந்தார். அங்கு ஜோசப் சிம்மன்ஸ், டேரில் மெக்டேனியல்ஸ் ஆகியோருடன் இணைந்து 'ரன்-டிஎம்சி' குழுவின் டிஜே ஆனார்.

ஹிப் ஹாப் தெருவிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது, டிஜேக்களின் இடத்தைப் பெரும்பாலும் வாத்தியக் குழுக்களே பிடித்துக்கொண்டன. 1983இல் வெளியான இக்குழுவின் 'சக்கர் எம்சிஸ்', டிரம் மெஷினின் தாளத்தையே பெரிதும் நம்பி அவ்வழக்கத்தை உடைத்தது.

1986இல் வெளியான 'ரெய்சிங் ஹெல்' தொகுப்பின் 'பீட்டர் பைப்பர்' பாடலில், பாப் ஜேம்ஸின் பழைய இசைத்தட்டில் ஒலித்த மணியோசையை ஜே புதிய தாளமாக மாற்றினார். அதே தொகுப்பில் ஏரோஸ்மித் ராக் குழுவின் பாடகர், கிதார் கலைஞருடன் உருவான 'வாக் திஸ் வே', அமெரிக்கப் பாடல் தரவரிசையில் 4ஆம் இடம் வரை உயர்ந்தது. கறுப்புத் தொப்பி, நாடா கட்டாத அடிடாஸ் காலணி என்ற குழுவின் தோற்றமும் ஜேயிடமிருந்து வந்ததே.

2002ஆம் ஆண்டு டிஜே பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி குயின்ஸில் உள்ள தமது ஸ்டூடியோவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 37. அக்கொலை வழக்கில் குற்றச்சாட்டு பதிவாக ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின. பாடகருக்கு இணையான இசைக்கலைஞர் டிஜே என்பதை இசைத்தட்டுகளில் நிலைநாட்டியதே அவர் விட்டுச்சென்ற பங்களிப்பாகும்.