சுருண்ட விரல்களில் தூரிகை

காலையில் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் படத்தின் முன்னால் உட்கார வைப்பார்கள். உள்ளங்கையில் மெல்லிய துணி சுற்றுவார்கள். விரல்கள் உட்புறமாகச் சுருண்டுவிட்டதால் நகம் சதையைக் கிழிக்கும். அதற்குத்தான் அந்தத் துணி. பிறகு விரல்களுக்கு இடையே தூரிகையைச் செருகுவார்கள்.

அவ்வளவுதான். கிழவர் படம் எழுத ஆரம்பித்துவிடுவார்.

அவர்தான் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ரெனுவார்.

தையற்காரர் மகன்

1841-ம் ஆண்டு பிரான்சு நாட்டில், லிமோழ் நகரில் ரெனுவார் பிறந்தார். தந்தை தையற்காரர். பிழைப்புத் தேடிக் குடும்பம் பாரிசுக்குப் போயிற்று. 13 வயதில் பையனைப் பீங்கான் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். தட்டிலும் கோப்பையிலும் பூப் போடுவது வேலை. சில ஆண்டுகளில் இயந்திரம் வந்தது. கையால் பூப் போட்டவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது.

விசிறிகளுக்குப் படம் போட்டுக் காசு சேர்த்து, ஓவியம் படித்தார். 1874-ல் நண்பர்களோடு சேர்ந்து பாரிசில் ஒரு கண்காட்சி நடத்தினார். பத்திரிகைகள் கேலி செய்தன. பின்னாளில் அந்தக் கூட்டத்தின் படங்களுக்குத்தான் உலகமே விலை கொடுத்தது.

கை முடங்கியது

பணமும் பேரும் வந்த சமயத்தில் நோயும் வந்தது. அப்போது அவருக்கு வயது சுமார் 50. விரல் மூட்டுகள் வீங்கின. 1897-ல் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். கட்டு அவிழ்க்கும் வரை இடது கையால் எழுதினார். அதன் பிறகு வலி பெருகியது.

வெந்நீர் ஊற்றுகளில் குளித்துப் பார்த்தார். மருந்து தின்று பார்த்தார். விரல்கள் மடங்காமல் இருக்கத் தினமும் பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்துப் பார்த்தார். குளிர் ஆகாது என்று தெற்கே போய், 1907-ல் நீஸ் நகருக்குப் பக்கத்தில் ஓர் ஆலிவ் தோப்பு வாங்கினார். எதுவும் பலிக்கவில்லை. கைத்தடி வந்தது, ஊன்றுகோல் வந்தது, 1912 வாக்கில் சக்கர நாற்காலி வந்துவிட்டது.

ஒரு டாக்டர் அரும்பாடுபட்டு அவரை எழுந்து நிற்க வைத்தார். ரெனுவார் சில அடிகள் நடந்தும் விட்டார்! பார்த்தவர்களுக்கு ஆனந்தம். ஆனால் அவர் திரும்பி நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். இருக்கிற பலமெல்லாம் நடப்பதற்கே செலவானால் படம் எழுத மிச்சம் இராது என்பது அவர் கணக்கு. கால் வேண்டுமா, படம் வேண்டுமா? படம்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். மறுபடி நடக்கவே இல்லை.

தூரிகையைக் கையில் கட்டிவிட்டார்கள் என்று பலர் சொல்வதுண்டு. அது தவறு. மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். பிடித்து எழுதியது அவரேதான்.

1915-ல் மனைவி இறந்தார். இரண்டு மகன்கள் போரில் காயம் பட்டார்கள். (அவர்களில் ஒருவரான ழான் ரெனுவார்தான் பின்னர் வங்காளத்துக்கு வந்து 'நதி' என்ற சினிமாவை எடுத்தவர். படம் 1951-ல் வெளிவந்தது.) 1919 டிசம்பர் 3-ந் தேதி ரெனுவார் காலமானார். வயது 78.

இரத்தம் சொல்லும் சேதி

அந்த நோய் முடக்குவாதம். கிருமிகளோடு சண்டை போட நம் இரத்தத்தில் ஒரு காவற்படை இருக்கிறது. இந்த நோயில் காவற்காரனே வீட்டுக்காரனை அடிக்கிறான். சொந்த மூட்டையே பகைவன் என்று நினைத்துத் தாக்குகிறான்.

நல்ல முழங்காலில் கொஞ்சம் நீர்தான் இருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவைப்போல் வழவழப்பாக இருக்கும். நோய் வந்தால் நீர் பெருகும். வழவழப்புக் குறைந்து கலங்கும். அதில் வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். அவை விடும் சரக்குகள் எலும்பையே அரிக்கும்.

ரெனுவார் காலத்து டாக்டர்களால் இதைப் படிக்க முடியவில்லை. அவர் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1940-ல், நார்வே நாட்டு டாக்டர் வாலர் ஒரு சோதனையை வெளியிட்டார். பக்குவப்படுத்திய ஆட்டு இரத்த அணுக்களோடு நோயாளியின் இரத்த நீரைச் சேர்த்தால், அணுக்கள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டன. ஆனால் 100 நோயாளிகளில் 70, 80 பேருக்குத்தான் இந்த அடையாளம் தெரியும். நோயே இல்லாத சில முதியவர்களுக்கும் தெரியும். பின்னாளில் ஹாலந்து விஞ்ஞானிகள் இன்னும் துல்லியமான ஒன்றை வெளியிட்டார்கள். 'ஆன்டி சி.சி.பி.' என்று அதற்குப் பெயர். மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலருடைய இரத்தத்தில் அது தென்பட்டுவிடும்.

சண்டையை மூட்டிவிடும் 'டி.என்.எஃப்.' என்ற பொருளை லண்டனில் இரண்டு பேர் குறிவைத்தார்கள். ஒருவர் ஃபெல்ட்மன். மற்றவர் பஞ்சாபில் பிறந்த மைனி. 1992-ல் அதைத் தடுக்கும் மருந்தை 20 நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். வீக்கம் வடிந்தது!

ரெனுவாரின் இரத்தத்தை யாரும் இப்படிச் சோதித்ததில்லை. பழைய புகைப்படங்களில் அவர் விரல்களைப் பார்த்து, கடிதங்களையும் படித்துத்தான் பிற்கால டாக்டர்கள் நோயின் பெயரைச் சொன்னார்கள். அந்த விரல்களால் அவர் கடைசியாக எழுதிய பெரிய படம், 'குளிக்கும் பெண்கள்', பாரிசில் ஓர்சே காட்சிசாலையில் இருக்கிறது.