பிணை நின்ற காலணித் தொழிலாளி

குற்றம் செய்தவனுக்கு உரிய இடம் சிறைதான் என்பது பலரிடமும் வேரூன்றிவிட்ட எண்ணம். அந்த எண்ணத்தை முதன்முதலில் செயலால் அசைத்தவர்களுள் ஒருவர் நீதிபதியும் அல்லர். சட்டம் பயின்றவரும் அல்லர். அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காலணி செய்து விற்றுவந்த ஜான் அகஸ்டஸ்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் என்னும் ஊரில் 1780-களின் நடுவில் பிறந்த அவர், லெக்சிங்டனில் காலணித் தொழிலைத் தொடங்கி, பின்னர் பாஸ்டனில் குடியேறினார். மதுவிலக்கு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். குடியால் சீரழிந்தவனைச் சிறையில் அடைப்பதைவிட, அவன் மீது அக்கறை காட்டுவதே அவனைத் திருத்தும் என்று அவர் நம்பினார்.

1841 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அவர் நகர நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தபோது, கந்தல் உடையில் ஒருவர் கொண்டுவரப்பட்டார். ஓயாத குடிகாரர் என்பது குற்றச்சாட்டு. அது மெய்ப்பிக்கவும் பட்டது. தண்டனை அறிவிக்கப்படுவதற்கு முன் அகஸ்டஸ் அவரிடம் பேசினார். சிறையிலிருந்து காப்பாற்றினால் இனிக் குடிப்பதில்லை என்றார் அந்த மனிதர். நீதிமன்றத்தின் இசைவுடன் அகஸ்டஸ் அவருக்குப் பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் முன்னிலையானபோது, அவர் ஆளே மாறியிருந்தார். நீதிபதி அவருக்கு விதித்த அபராதம் ஒரே ஒரு சென்ட். அத்துடன் வழக்குச் செலவு. சிறை தவிர்க்கப்பட்டது.

அந்த ஒரு மனிதரோடு அகஸ்டஸ் நின்றுவிடவில்லை. பெண்களுக்கும் 1843 முதல் சிறுவர்களுக்கும் பிணை நின்றார். தாம் பொறுப்பேற்றவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடித்தந்தார். சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவர்களின் நடத்தை குறித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தார். 1858 வரை அவர் பிணை நின்றவர்களின் எண்ணிக்கை 1,946. அவரது நம்பிக்கையைக் குலைத்துப் பிணைத்தொகையை இழக்கச் செய்தவர்கள் மிகச் சிலரே.

இத்தொண்டு எளிதில் வரவேற்கப்படவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும்போது நீதிமன்ற அலுவலர்களுக்குக் கட்டணம் கிடைத்துவந்த காலம் அது. அகஸ்டஸ் பிணை நின்ற ஒவ்வொரு வழக்கிலும் அவர்கள் அந்த வருவாயை இழந்தனர். எனவே அவருக்கு முட்டுக்கட்டை போட்டனர். குற்றவாளிகளுக்குத் துணைபோகிறார் என்ற பழியும் அவர் மீது விழுந்தது. அரசிடமிருந்து ஊதியம் ஏதும் பெறாத அவரது சொந்தத் தொழில் நலிந்தது. நல்லோர் அளித்த நன்கொடைகளைக் கொண்டே பணியைத் தொடர்ந்தார்.

அவரது முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. பெரும்பாலும் முதன்முறை தவறியவர்களையே அவர் ஏற்றார். அவர்களின் முந்தைய நடத்தை, வயது, வாழும் சூழல் ஆகியவற்றை ஆராய்ந்த பிறகே பிணை நின்றார். அவர் தேர்ந்தெடுக்காதவர்களுக்குச் சிறைதான் காத்திருந்தது. ஒருவரின் விடுதலை மற்றொரு தனிமனிதரின் கருணையைச் சார்ந்திருப்பது நீதியாகாது. கருணை சட்டமாக வேண்டியிருந்தது.

1859 ஜூன் 21-இல் அகஸ்டஸ் மறைந்தார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1878-இல், நன்னடத்தை அலுவலரை ஊதியத்துடன் நியமிக்க மாசசூசெட்ஸ் சட்டமியற்றியது. 1907-இல் இங்கிலாந்தும், 1936-இல் அன்றைய சென்னை மாகாணமும் நன்னடத்தைச் சட்டம் கண்டன. 1958-இல் இந்தியா முழுமைக்குமான குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் குற்றங்களில் 21 வயதுக்குட்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமெனில், அதற்கான காரணத்தை நீதிமன்றம் பதிவு செய்தாக வேண்டும். அதாவது, விளக்கம் சொல்ல வேண்டியது விடுவிப்பதற்கன்று, சிறையில் அடைப்பதற்கே.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையையும் தண்டனைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகாத முறையில் நடந்துகொள்பவருக்கும் அதை விதிக்கலாம். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் பாஸ்டன் நீதிமன்றத்தில் நின்ற அந்தக் கந்தலாடை மனிதரைப் போன்றோருக்கான வழி நம் சட்டத்திலும் திறந்திருக்கிறது.

ஆனால், சட்டப் புத்தகத்தில் வழி இருந்தால் மட்டும் போதாது. இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். பிணை உத்தரவு கிடைத்தும், பிணையாளர் கிடைக்காததால் வெளியேற முடியாத ஏழைகளும் அவர்களில் உண்டு. சிறைக்கு மாற்று என்பது குற்றத்தை மன்னித்துவிடுவதன்று. தவறியவனைக் கண்காணித்து, வேலையில் அமர்த்தி, அவனுக்காகப் பொறுப்பேற்பது. பூட்டி வைப்பதைவிடக் கடினமான பணி அது. அகஸ்டஸ் தம் கைப்பொருளையும் தொழிலையும் இழந்து அப்பணியைச் செய்தார். போதிய நன்னடத்தை அலுவலர்களை நியமித்து அதைச் செய்ய வேண்டிய கடமை இன்று அரசுக்கு உண்டு. தவறியவனுக்காகப் பிணை நிற்க ஒருவர்கூட இல்லாத சமுதாயம், அவன் திருந்தவில்லை என்று குறை கூற முடியாது.