ஆலிஸ் ஹாமில்டன்: காரீயத்தைத் தேடி நடந்த டாக்டர்

இண்டஸ்ட்ரியல் சேஃப்டி பேப்பர்ல ஒரு கேள்வி வரும். ஆலையில் விஷத்தூசு பறந்தால் முதலில் என்ன செய்யணும்? மாஸ்க் கொடுக்கணும்னு எழுதினா முழு மார்க் கிடைக்காது. தூசே பறக்காத மாதிரி மெஷினை மாத்தணும், அதுதான் பதில். நமக்கு ரெண்டு மார்க் கேள்வியா இருக்கிற இந்த விஷயத்துக்காக ஒருத்தர் பல வருஷம் ஆலை ஆலையா நடந்திருக்காங்க.

ஆலிஸ் ஹாமில்டன் 1869-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1897-ல் சிகாகோ வந்து, ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தில் தங்கினார். சுற்றிலும் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்கள். திடமா வேலைக்குப் போன ஆண்கள் கொஞ்ச நாள்ல முடங்கிப் போறதை அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார்.

பல பேருக்குக் காரணம் காரீயம், அதாவது லெட். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வேற, அது வெள்ளீயம், டின்.) காரீயம் உடம்புக்குள் கால்சியம் மாதிரி வேஷம் போடும். நரம்பு செல்கள் ஏமாந்து உள்ளே விட்டுடும். முதலில் தாங்க முடியாத வயித்துவலி. அப்புறம் கை நரம்பு அடிவாங்கி மணிக்கட்டு தொங்கிப் போகும், நிமிர்த்தவே முடியாது. மூளைக்கு ஏறினால் வலிப்பு, பிதற்றல், சில சமயம் மரணம்.

1910-ல் இல்லினாய் மாநில அரசு தொழில் நோய்களை ஆராயும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. எந்த ஆலையில் காரீயம் இருக்குன்னு ஒரு லிஸ்ட் கூட கிடையாது. ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் புரட்டினார். டாக்டர்கள், பாதிரியார்கள், மருந்துக்கடைக்காரர்கள்னு எல்லோரிடமும் விசாரித்தார். தொழிலாளர்களின் வீட்டுக்கே போனார்.

ஒரு போலந்துத் தொழிலாளி கை முடங்கி, கடுமையான வயித்துவலியோட ஆஸ்பத்திரியில் இருந்தார். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசுறது அவர் வேலை. ஹாமில்டன் அந்தக் கம்பெனிக்குப் போனப்போ, காரீயமே பயன்படுத்தலைன்னு சொல்லி, கடைசிக்கட்ட வேலை நடக்கிற இடத்தை மட்டும் காட்டினார்கள். அவர் விடலை. தொழிலாளியின் வீட்டுக்கே போய்க் கேட்டப்போதான், நிஜ வேலை வேறொரு இடத்தில் நடப்பது தெரிந்தது. பழுக்கக் காய்ந்த தொட்டி மேல் எனாமல் பவுடரைத் தூவணும். அந்தத் தூசியை நாள் முழுக்க சுவாசிக்கணும். பவுடரைச் சோதித்தால், உடம்பில் கரையக்கூடிய காரீயம் 20 சதவீதம் வரை இருந்தது.

தொழிலாளி கை கழுவாம சாப்பிடறான், அதான் நோய் வருதுன்னு முதலாளிகள் சொல்லிக்கிட்டிருந்த காலம் அது. கையை விட மூச்சு வழியாத்தான் பெரும்பாலும் விஷம் ஏறுதுன்னு ஹாமில்டன் காட்டினார். அப்போ தப்பு ஆள் மேல இல்ல, டிசைன் மேல. நேஷனல் லெட் கம்பெனியின் எட்வர்ட் கார்னிஷ் முதலில் இதை நம்பவே இல்லை. இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் ரெக்கார்டைக் கொண்டுபோய் வைத்த பிறகு, தூசைக் கட்டுப்படுத்த ஏற்பாடு செய்து, ஆலைகளுக்கு டாக்டர்களையும் நியமித்தார்.

1919-ல் ஹார்வர்டு அவரை ஆசிரியராக எடுத்தது. அங்கே முதல் பெண் ஆசிரியர் அவர்தான். ஆனா ஆசிரியர் கிளப்புக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, ஃபுட்பால் டிக்கெட்டும் கிடையாதுன்னு கண்டிஷன். 1935-ல் ஓய்வு பெறும்போதும் உதவிப் பேராசிரியர்தான்.

அவர் தோற்ற சண்டையும் உண்டு. எஞ்சின் நாக்கிங்கைத் தடுக்க பெட்ரோலில் டெட்ராஎத்தில் லெட் கலக்க ஆரம்பித்தார்கள். 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் 5 பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். 1925-ல் வாஷிங்டனில் நடந்த கூட்டத்தில் ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார். ஜெனரல் மோட்டார்ஸின் சார்ல்ஸ் கெட்டரிங்கை நேருக்கு நேர் குற்றம்சாட்டினார். பலன் இல்லை, விற்பனை தொடர்ந்தது. இந்தியா முழுக்க காரீயமில்லாத பெட்ரோல் வர 2000 ஆச்சு.

1970 செப்டம்பரில், 101 வயதில் இறந்தார். அதே டிசம்பரில் அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

அடுத்த வருஷம் நம்மில் சில பேர் ஏதாவது ஒரு பிளான்ட்ல நிப்போம். அங்கே ஒரு அண்ணன் கை நடுங்குதுன்னு சொன்னா, கை கழுவினீங்களான்னு கேக்கறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதான்னு பாருங்க.