பிறர் நாற்காலியில் உட்கார மறுத்த கணித மேதை



சென்ற டிசம்பர் 22 அன்று ஸ்ரீநிவாச ராமானுஜனின் ஜெயந்தியை ஒட்டி, எங்கள் போபால் கிளையில் குழந்தைகளுக்காக ஒரு கணித மாலை நடத்தினோம். 2012 முதல் அந்நாள் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது. ராமானுஜனைத் தெரியாத குழந்தை அங்கே ஒன்றுகூட இல்லை. ஆனால் டி. விஜயராகவன் என்ற பெயரைச் சொன்னதும் பெரியவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணித உலகம் முழுவதும் அறிந்த பெயர், நம் அகங்களில் மறந்துபோயிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது 1974-இல், எம்.எஸ்ஸி. படிக்கும்போது. எங்கள் பல்கலைக்கழகத்தில் வாரம் ஒருநாள் மதியம் கணித செமினார் நடக்கும். பத்துப் பதினைந்து பேர்தான் வருவோம். முடிந்ததும் டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் அதற்காகவே வந்தோம். ஒருநாள் பேசியவர் கரும்பலகையில் 'பி.வி. எண்கள்' என்று எழுதினார். டீ வேளையில் அந்த 'வி' யார் என்று எங்கள் பேராசிரியரைக் கேட்டேன். அவர் அரைமணி நேரம் நின்றபடியே சொன்ன வரலாறு இன்றும் மனதில் இருக்கிறது.

திருக்கண்ணபுரம் விஜயராகவன் 1902-இல் பிறந்தவர். ஸௌரிராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திவ்ய தேசத்தின் பெயரையே முதலெழுத்தாகச் சுமந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். பரீட்சைகளில் அவர் பிரகாசிக்கவில்லை. பாடப் புத்தகத்தை விட்டுவிட்டுத் தாமாகவே ஆராய்ச்சிக் கணக்குகளில் மூழ்கிவிடுவார். அங்கே பேராசிரியராக இருந்த கே. ஆனந்த ராவ் இவருடைய அருமையை உணர்ந்து ஊக்கம் கொடுத்தார். ராமானுஜனைக் கைதூக்கிவிட்ட ஹார்டி அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். 1920-களின் நடுவில் விஜயராகவன் அவரிடமே போய்ச் சேர்ந்தார்.

ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு புதிர் போட்டிருந்தார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. அதன் மதிப்பு வெறும் 3. இப்படிப்பட்ட கோவைகள் எப்போது ஒரு எண்ணில் போய் நிற்கும், எப்போது நிற்காது? உள்ளே போகப் போக எண்கள் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதற்குத் துல்லியமான எல்லையைச் சொன்னவர் விஜயராகவன். 1927-இல் வெளிவந்த ராமானுஜன் ஆய்வுத் தொகுப்பின் பின்குறிப்புகளில் அந்த முடிவு இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது 25 கூட நிறையவில்லை.

1930-இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஸையத் ராஸ் மஸூத், ஆந்த்ரே வேய் என்ற பிரெஞ்சு இளைஞரைக் கணிதப் பேராசிரியராக அழைத்து வந்தார். வேய்க்கு வயது 23. ஸம்ஸ்கிருதம் கற்றவர், கீதையில் ஈடுபாடு உள்ளவர். பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய கணித மேதைகளுள் ஒருவராக ஆனவர். துறையைப் புதுப்பிக்க நினைத்த அவர் பட்டங்களைப் பார்க்கவில்லை, மூளையைப் பார்த்தார். விஜயராகவனும், பிறகு சரித்திர ஆசிரியராகப் புகழ்பெற்ற டி.டி. கோசாம்பியும் அங்கே வந்தார்கள். பிரெஞ்சுக்காரரும் நம் தென்னாட்டு வைஷ்ணவரும் இணைபிரியாத நண்பர்களானார்கள்.

இரண்டே வருஷம்தான். 1932-இல் வேயைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். விஜயராகவன் அங்கேயே இருந்திருந்தால் அவருக்குப் பெரிய இடம் காத்திருந்தது. நண்பரை வெளியேற்றிய இடத்தில் தாம் உயர்வதை அவர் விரும்பவில்லை. கண்டனம் தெரிவிக்கும் வகையில் அலிகரை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

டாக்காவில் அவருடைய ஆராய்ச்சி வளர்ந்தது. பௌதிக மேதை சத்யேந்திரநாத் போஸ் அங்கேதான் இருந்தார். இருவரும் என்.எம். பாசுவுடன் சேர்ந்து 1937-இல் எழுதிய கட்டுரை லண்டன் கணிதச் சங்க இதழில் வந்தது. 1934-இல் இந்திய அறிவியல் கழகம் விஜயராகவனை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

பி.வி. எண்கள் என்பவை என்ன? 5-இன் வர்க்கமூலத்தோடு 1-ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 1.618 வரும். அதைப் பத்து முறை பெருக்கினால் 122.99; இருபது முறை பெருக்கினால் 15126.9999. பெருக்கப் பெருக்க ஒரு முழு எண்ணை ஒட்டிக்கொண்டே போகிறது. 1.5-ஐப் பெருக்கிப் பாருங்கள், அப்படி நடக்காது. இப்படி முழு எண்ணை நாடும் எண்களைப் பிரான்ஸில் பிஸோவும் இங்கே விஜயராகவனும் தனித்தனியே ஆராய்ந்ததால் இருவர் பெயரும் நிலைத்தன.

பின்னர் வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் சென்னையில் ராமானுஜன் கணித நிலையத்தை 1950-இல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் விஜயராகவனே. 1955-இல் 52 வயதில் காலமானார்.

இனி என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், என்னைவிட மூத்த ஒரு சக ஆசிரியரை நியாயமில்லாமல் விலக்கினார்கள். அவருடைய துறைத் தலைவர் பதவியை எனக்குக் கொடுத்தார்கள். விஜயராகவன் கதை எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பெண் கல்யாணம், வீட்டுக் கடன் என்று காரணம் சொல்லிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். அந்த நண்பர் என்னைக் குறை சொன்னதே இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. எனக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் அதை வெறும் நாற்காலியாகத்தான் பார்த்திருப்பார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

மற்ற ஊர்க் கிளைகளும் வருகிற டிசம்பரில் இப்படி ஒரு மாலை நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கரும்பலகையும் டீயும் பிஸ்கட்டும் போதும். மதிப்பெண் குறைந்ததென்று முகம் வாடியிருக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களுக்கு ராமானுஜன் கதையோடு விஜயராகவன் கதையையும் சொல்லுங்கள். பி.வி. எண்களைச் சொல்லும்போது அலிகரையும் சொல்லுங்கள்.