அகம் கண்ட கவிராயர்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடைப்பட்ட பகுதியில் இலஞ்சி என்னும் பழம்பதி விளங்குகின்றது. அங்குக் கோயில் கொண்டுள்ள குமரப்பெருமானை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடியுள்ளார். இலஞ்சிக்கு அணித்தே உள்ள மேலகரம், தமிழுக்கு மற்றொரு பெரும்புலவரைத் தந்தது. அவரே திரிகூடராசப்பக் கவிராயர்.

கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழுடன் வாழ்ந்தவர். குற்றாலநாதர்பால் பேரன்பு பூண்டவர். குற்றாலத் தலபுராணம், குற்றால மாலை, குற்றாலச் சிலேடை, நன்னகர் வெண்பா முதலிய நூல்கள் பல இயற்றினார். ஆயினும், கற்றாரும் மற்றோரும் ஒருங்கே போற்றுமாறு அவர் பெயரை நிலைநிறுத்திய நூல் குற்றாலக் குறவஞ்சியே ஆகும்.

அந்நூலின் தலைவி வசந்தவல்லி. பந்தாடிக்கொண்டிருந்த அவள், திருவுலா வந்த குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கின்றாள். அந்நிலையில் குறி சொல்லும் சிங்கி என்னும் குறத்தி வருகின்றாள். மலைவளம் கூறித் தன் குலப்பெருமையும் உரைத்தபின், வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்லத் தொடங்குகின்றாள். உனக்குக் காதல் நோய் என்று அவள் கூறியதும் வசந்தவல்லி சினம் கொள்கின்றாள். கன்னிப் பெண்ணிடம் பேசத்தக்க பேச்சோ இது என்று கடிந்து, அவ்வாறாயின் தலைவனது பெயரைச் சொல் என்கின்றாள்.

குறத்தி அஞ்சவில்லை. விடுகதை போல் ஒரு பெயரைச் சொல்கின்றாள். அதன் பொருள் விளங்காமல் வசந்தவல்லி மேலும் வெகுள்கின்றாள். குறத்தி அதனை மெல்ல அவிழ்க்கின்றாள். பெண்ணைக் குறிக்கத் திரி, சேர்தலைக் குறிக்கக் கூடல், வல்லவனைக் குறிக்க நாதன் எனப் பொருத்தினால் திரிகூடநாதன் என்னும் பெயர் வெளிப்படுகின்றது. அப்பெயர் செவியில் விழுந்த அந்நொடியே வசந்தவல்லியின் முகம் நாணத்தால் கவிழ்கின்றது. அதுவரை வாய் மறுத்ததை முகம் ஒப்புக்கொண்டது. குறத்தி பார்த்தது கையின் கோடுகளை; அவள் சொல் மெய்யென்று காட்டியதோ தலைவியின் முகம். இந்நுட்பத்தை அறிந்து பாடியதே கவிராயரின் பெருமை.

முகமும் மெய்யும் உள்ளத்தைக் காட்டும் என்பது தமிழர் பண்டே கண்ட உண்மை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டெனக் கூறினார். பிற்காலத்தில் சார்லசு டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் இந்தியா, இலங்கை முதலிய பல நாடுகளில் இருந்தோருக்கு வினாக்கள் விடுத்து, உணர்ச்சிகள் முகத்தில் தோன்றும் வகையை ஆராய்ந்தார். 1872-இல் அவர் வெளியிட்ட நூலில் நாணத்தைப் பற்றியும் ஓர் அதிகாரம் உண்டு. மக்களின் முதன்மையான உணர்ச்சிக் குறிகள் நாடெங்கும் பெரிதும் ஒத்திருக்கின்றன என்பது அவர் கண்ட முடிபு.

எனினும், இங்கு ஒன்றை மறத்தலாகாது. முகம் அவ்வப்போது எழும் உணர்ச்சியைக் காட்டுமேயன்றி, ஒருவருடைய குணம் முழுவதையும் காட்டாது. முகத்தின் அமைப்பைக் கொண்டு ஒருவரை நல்லவர் என்றோ தீயவர் என்றோ முடிவு செய்தல் பெரும்பிழையாகும். வசந்தவல்லியின் சினத்தை மட்டும் கண்டு குறத்தி திரும்பியிருப்பாளாயின், அவளைக் கடுஞ்சொல்லினள் என்றே எண்ணியிருப்பாள். அவள் பொறுத்திருந்து, மீண்டும் பேசி, முகத்தை நோக்கினாள். ஆதலின் சினத்திற்குப் பின் மறைந்திருந்த அன்பைக் கண்டாள்.

மதுரை நாயக்க மன்னராகிய முத்துவிசயரங்க சொக்கநாதர், கவிராயரின் புலமையைப் பாராட்டி 1718-இல் நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர்பெற்றது. 1944-இல் உருக்குமிணி தேவியின் கலாசேத்திரம் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. கவிராயர் சொல்லால் தீட்டிய நாணம், அன்று ஆடுவோர் முகத்தில் கண்கூடாக மலர்ந்தது.

பிறர் முகத்தைப் பார்ப்பது எளிது. அவர் அகத்தை அறியப் பொறுமையும் அன்பும் வேண்டும். கவிராயரின் குறத்தி நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.